மேய்ப்பில் இருக்கிற புத்தகம்

மெய்ப்பு என்று ஒரு வார்த்தை இருப்பதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் என் மகள் சுகிர்தாதான் ஆண்டவரே, போன மாதம், ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்தின சாயங்காலம், கோயில் ஏலத்துக்குக் கொடுக்க நான் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்று, ‘அம்மா, என் புத்தகம் மெய்ப்புக்கு வந்துட்டு’ என்றாள், எண்ணெய் இரைச்சலில் எனக்கு அது மேய்ப்பு என்று விழுந்தது, மேய்ப்பன், மேய்ப்பு, மந்தை என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த காது, வேறெப்படி விழும், புத்தகத்தை யாரோ பெரியவர் ஒருவர் கையில் கோலோடு முன்னே நடந்து கூட்டிப்போகிறார், எழுத்தெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலே போகிறது என்றுதான் நினைத்தேன், நல்ல மேய்ப்பனாக இருக்க வேண்டுமே என்று கரண்டியைப் பிடித்தபடியே உம்மிடம் சொல்லவும் செய்தேன், அவளிடம் ‘சந்தோசம்மா, கையைக் கழுவிட்டு வந்து ஒரு முறுக்குத் தின்னு’ என்று மட்டும் சொன்னேன். இப்போது பிரசங்கத்தின் நடுவிலே இதையெல்லாம் ஏன் எடுக்கிறேன் என்றால், என் மடியில் இருக்கிற பைக்குள் அவளுடைய போன் துடிக்கிறது, கொயரில் பாடுகிற பிள்ளைகள் போனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டதால் ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம்தான் தந்துவிட்டுப் போவாள், சத்தத்தை அமர்த்திவிட்டாள், ஆனாலும் துடிப்பு நிற்கவில்லை, அணில் குஞ்சை மடியில் வைத்தாற்போல, கை வைத்து அமுக்கினால் கைக்குள்ளே துடிக்கிறது. யார் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். மதுரையிலிருந்து உமையாள் அம்மா, புத்தகம் போடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று நேற்று சொன்னவர்கள். புத்தகம் உண்டா இல்லையா என்கிற வார்த்தை இந்தப் பைக்குள் வந்து நிற்கிறது, நான் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு போதகர் ஐயாவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன், மன்னியும்.

நின்றுவிட்டது. நின்றதும் ஒரு ஆறுதல், அடுத்த நொடியே பயம், கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்களோ, எடுக்காத பிள்ளை எதற்குப் புத்தகம் போடவேண்டும் என்று நினைத்துவிட்டார்களோ. சுகிர்தா அங்கே முன்னால் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கவாட்டு முகம்தான் தெரிகிறது, கண்ணாடிக் காம்பும் காதும், அவளுக்கு ஒன்றும் தெரியாது, அடுத்துப் பாடவேண்டிய பாட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கோயிலில் அவள் பேரை வைத்து நான் ஒரு கூத்துப் பண்ணினேனே, அது முடிந்து இன்னும் ஆறவில்லை. புத்தக விஷயம் அச்சாகி வரும்வரை ஒருத்தரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், நானும் விடவில்லை, ஆனால் சபையாரின் ஜெபம் இல்லாமல் எப்படி, அதனால் விண்ணப்பப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டுப் போட்டேன், புத்தகம் என்கிற வார்த்தையை மட்டும் மறைத்துவிட்டு, என் மகள் சுகிர்தாவின் மேய்ப்புக் காரியம் தடையில்லாமல் முடிய ஜெபிக்கவும் என்று, போதகர் ஐயா அதை எடுத்து வாசித்து, கண்ணாடியை இறக்கிவிட்டு ஏற்றிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, நம் சபையின் மகள் ஒருத்தி மேய்ப்புப் பணிக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள் என்று நீளமாக ஒரு ஜெபமே பண்ணிவிட்டார், எல்லாரும் ஆமென் என்றார்கள், நானும் சொன்னேன், எனக்கு அப்போதும் புரியவில்லை, நல்லபடியாகத்தானே ஜெபிக்கிறார் என்று இருந்தது. வெளியே வந்ததும் எமிலி மைனி, என் அண்ணன் பெஞ்சாதி, இதோ இப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், என் முழங்கையைப் பிடித்து, ‘ஏட்டி பாக்கியம், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நான் அவளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு அலையுதேன், அவ அங்கியை மாட்டிட்டுப் பிரசங்கம் பண்ணப் போறாளாக்கும்’ என்று கேட்டாள், ஒருத்தி செமினரியில் எந்த மாதம் சேர்கிறாள் என்றாள், இன்னொருத்தி முடியை வெட்டிவிடுவார்களா என்றாள், சுகிர்தா கொயர்ப் படியிலிருந்து இறங்கி வந்த வேகத்தைப் பார்த்து நான் ஆட்டோவைத் தேடி நடந்துவிட்டேன். ஆட்டோவில் ஏறினதும்தான் அவள் வாயைத் திறந்தாள், திட்டத்தான் போகிறாள் என்று நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தால், சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரிப்பு, என் உள்ளங்கையை விரித்து விரலால் எழுதிக் காட்டினாள், ‘இது மெ, ஒத்தக் கொம்பு. அச்சுக்குப் போறதுக்கு முன்னால தப்பு இருக்கான்னு பாக்கிறது. இது மே, ரெட்டைக் கொம்பு. ரெட்டைக் கொம்பு போட்டாத்தாம்மா ஆடு.’ முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் திரும்பாமலே, ‘ஏளா, அடுத்த வாரம் என்னைய பிஷப்புன்னு எழுதிப் போட்டுராத’ என்றார், டிரைவர் பையனும் சேர்ந்து சிரித்தான். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது ஆண்டவரே. அதற்காகவாவது அந்தச் சீட்டை நீர் அப்படியே விட்டிருக்கிறீர் என்றுதான் எனக்கு.

பொறுமை என்கிறார் போதகர் ஐயா, பிரியமானவர்களே பொறுமை, எனக்குப் பொறுமை என்றால் அவள் முகம்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், புத்தகம் என்றால் எழுதினதும் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன், கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தால் வருகிறதே அது மாதிரி. அவளும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தாள். முதலில் எல்லாக் கதையையும் கம்ப்யூட்டரில் அடித்துச் சென்னைக்கு ஒருத்தருக்கு அனுப்பினாள், ரொம்ப நாள் கழித்து ஒரே ஒரு வரி வந்தது, உங்கள் கதைகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன என்று, அதைப் பாராட்டு என்று நினைத்து நான் சர்க்கரை போட்டுப் பால் காய்ச்சினேன், அப்புறம் பார்த்தால் அவள் அடித்த எழுத்து அவர்கள் கம்ப்யூட்டரில் எழுத்தாகவே போய்ச்சேரவில்லை, வெறும் கட்டங்களாகப் போயிருக்கிறது, அத்தனை கதையையும் வேறு எழுத்துக்கு மாற்றித் திரும்ப வரிவரியாகச் சரிபார்த்தாள். இன்னொருத்தர், எழுத்து நன்றாயிருக்கிறது, ஆனால் பேர் தெரியாத பிள்ளை, பெரிய எழுத்தாளர் யாரிடமாவது அணிந்துரை வாங்கி வந்தால் போடலாம் என்றார், அணிந்துரை என்றால் நகையா என்று நான் கேட்டேன், ‘கிட்டத்தட்ட அதுதாம்மா’ என்றாள், அப்படி ஒரு பெரியவர் நம்ம ஊரிலேயே இருந்தார், நானும் கூடப் போனேன், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, தலையைத் தடவி நிச்சயம் எழுதித் தருகிறேன் என்றார், மழைக்காலம் போய் வெயில் வந்து திரும்ப மழை வந்தது, கேட்கப் போனால் ‘எந்தச் சுகிர்தா?’ என்றார், தேடி எடுத்துக் கொடுத்த கட்டுக்குள் அவர் பேத்தி கல்யாணப் பத்திரிகை இருந்தது, அடையாளத்துக்கு வைத்தாரோ என்னமோ, மூன்றாம் பக்கத்தில். வேறொருத்தர் பாதிப் புத்தகத்தை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார், என் வீட்டுக்காரர் போடுவோம் என்று ஒரேயடியாக நின்றார், அவள்தான் மாட்டேன் என்றாள், ‘கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சு அதுமேல நான் படுக்கவா அப்பா?’ ஓசூரிலிருந்து மூத்தவன் ராபின்சன் போனில், எழுத்தெல்லாம் சும்மா பொழுதுபோக்கு, அவளை ஒரு நல்ல பரீட்சை எழுதச் சொல்லுங்கள் என்றான், அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கடையில் வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே பலகையில் இருக்கிற எழுத்தை மேலேயிருந்து வாசிக்கச் சொல்வது அவள் வேலை, ட, ப, ம என்று நாள் முழுக்க யார் யாரையோ வாசிக்கவைத்துவிட்டு வீட்டுக்கு வருவாள், அவள் எழுத்தை வாசிக்க ஒரு கண் இல்லை. அதை நான் உம்மிடம் எத்தனை தடவை சொன்னேன். அதற்கப்புறம் அவள் புத்தகம் என்கிற பேச்சையே விட்டாள், கதையை ஒவ்வொன்றாகச் சின்னப் பத்திரிகைகளுக்கு அனுப்பினாள், போட்டால் போடட்டும், போடாவிட்டால் அடுத்ததுக்கு, அப்படிச் சேலத்திலிருந்து வருகிற ஒரு மெலிந்த பத்திரிகையில் ஒரு கதை வந்து, அதை உமையாள் அம்மா பஸ்ஸில் வாசித்துவிட்டு, பத்திரிகைக்காரரிடம் நம்பர் வாங்கி அவர்களே கூப்பிட்டார்கள், ‘இன்னும் எத்தனை கதை வச்சிருக்கே?’ என்று. கதவு கதவாகத் தட்டின பிள்ளையை ஒருத்தர் வீடு தேடி வந்து கூப்பிட்டாற்போல இருந்தது. இப்போது அவள் கடைக்கு வருகிற எழுதுகிற பிள்ளைகளிடம், தன் புத்தகத்தைப் பற்றி மூச்சு விடாமல், அதைத்தான் சொல்கிறாளாம், முதலில் ஒரு கதை எங்கேயாவது வரட்டும், அது போய் உனக்கு ஆள் பிடித்துக்கொண்டு வரும் என்று.

திரும்பத் துடிக்கிறது. இயேசப்பா. பையை இறுக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டேன், என் வயிறும் சேர்ந்து துடிக்கிற மாதிரி, அவள் வயிற்றில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே பெண்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், பாட்டுத் தொடங்கினால் உதைப்பாள். எழுந்து போகலாமா. பிரசங்கத்தின் நடுவில் எழுந்துபோனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதுகூடப் பரவாயில்லை, எடுத்து நான் என்ன பேசுவேன், ஒரு கொம்பு மாறினதுக்கே ஊர் சிரித்தது, புத்தகக் காரியத்தில் நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லி, அது வேறாகப் போய் விழுந்தால். அவளுடைய காரியம், அவளே பேசட்டும். ஆனால் அவள் பேசினால் என்ன பேசுவாள் என்பதுதான் என் பயமே. நின்றுவிட்டது. அந்த மெய்ப்புத் தாள்கள் வந்ததிலிருந்து சாயங்காலமெல்லாம் எங்களுக்கு அதுதான் வேலை, ஒரு ஆள் சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொரு ஆள் அச்சில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும், அதுதான் முறை என்று அவள் எங்கேயோ கேட்டு வந்திருந்தாள், அவள் எழுதின பழைய பிரதி என் கையில், அச்சானது அவள் கையில், வெறும் வார்த்தையை வாசித்தால் போதாது, புள்ளியும் வாசிக்க வேண்டும், கமா, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, மேற்கோள் திற, மேற்கோள் மூடு. எனக்குச் சத்தமாக வாசிக்கத் தெரிந்தது ஒரே விதம்தான், வேதம் வாசிக்கிற விதம், அவள் கதையில் ஒருத்தி மீன் வாங்கப் பேரம் பேசுவதை நான் வாசித்தால், ‘அம்மா, அது மத்தி மீன், தீர்க்கதரிசி இல்ல, கொஞ்சம் சாதாரணமா வாசி’ என்பாள். அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டு, போன ஞாயிறு எல்லாரும் சேர்ந்து சொல்கிற ஜெபத்தில் முதல் வரி முடிந்ததும் கமா என்று நான் சொல்லிவிட்டேன், மெதுவாகத்தான் சொன்னேன், நீர் கேட்டிருப்பீர், எமிலி மைனியும் கேட்டாள், ‘என்னட்டி, கம்மலா, விழுந்துட்டா?’ என்று தரையைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அப்படி வாசித்துக்கொண்டு வரும்போதுதான் அந்த வார்த்தை வந்தது. மெய்ப்புப் பார்க்கிறவர் மதுரையில் ஒரு புலவர், பேர் வயிரவன், வயசானவர், தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், சிவப்பு மசியில் அழகான எழுத்து, ஒற்று விட்ட இடம், ற மாறின இடம் எல்லாம் பார்த்துப் பார்த்துத் திருத்தியிருந்தார், சுகிர்தாவே ‘எவ்வளவு பொறுமைம்மா இவ்வொளுக்கு’ என்று சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் வந்தாள். முதல் கதையில் ஒரு அம்மா மகளைக் கூப்பிடுகிற இடம். நான் பழைய பிரதியிலிருந்து, மேற்கோள் திற, ஏட்டி, கமா, கதவைச் சாத்திட்டு வா, என்று வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏட்டி என்பதைப் புலவர் வட்டம் போட்டு, ல் விடுபட்டிருக்கிறது என்று நினைத்து, ஏட்டில் என்று எழுதியிருக்கிறார், ஏட்டில், கதவைச் சாத்திட்டு வா. எனக்குச் சிரிப்பு வந்தது, புத்தகத்துக்குள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்கிறாளா அந்த அம்மா என்றேன், அவள் சிரிக்கவில்லை. நாலு பக்கம் தள்ளி அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்போல, இது வசையா என்று ஓரத்தில் எழுதி, அதிலிருந்து எல்லா இடத்திலும் அடியே என்றும் மகளே என்றும் மாற்றிக்கொண்டே போயிருந்தார், கூடவே மற்றப் பேச்சும் மாறியிருந்தது, சாப்ட்டியாட்டி என்பது உணவு உண்டாயா மகளே என்று ஆகியிருந்தது. அவள் அதை வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன், உணவு உண்டாயா மகளே. நான் எப்போது அப்படிக் கேட்டேன். எங்கள் அம்மை எப்போது கேட்டாள். வாசித்த எனக்கே யாரோ பட்டுச்சேலை கட்டின அம்மா நாடக மேடையிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது, அந்த அம்மாவிடம் எந்தப் பிள்ளையும் ‘இல்லைம்மா, பசிக்கல’ என்று பொய் சொல்லாது, மரியாதையாக உண்டேன் தாயே என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா, உமக்குத் தெரியும், ‘போகட்டும்மா, ரெண்டு எழுத்துதானே, பெரியவ்வொ பாத்துப் போட்டிருக்காவ, விட்டுரு, புத்தகம் வரட்டும்’ என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ‘ரெண்டு எழுத்து இல்லம்மா, மூணு. ஏ, ட், டி’ என்றாள்.

நேற்றுக் காலையில் உமையாள் அம்மாவிடம் அவள் பேசினதை நான் அடுக்களைக்குள் நின்று கேட்டேன், ஒற்றுத் திருத்தம் எல்லாம் தலைமேல் வைத்துக்கொள்கிறேன், ஆட்கள் பேசுகிற பேச்சை மட்டும் தொடக்கூடாது, ஏட்டியை எடுத்தால் புத்தகமே வேண்டாம் என்றாள், குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்கு உதறல், உயர்த்திப் பேசினால் கொஞ்ச நேரத்தில் இறங்கும், இப்படிப் பேசினால் இறங்காது, அவள் அப்பா பஸ் டிப்போவில் ஒரு தடவை இப்படித்தான் பேசிவிட்டு வந்தார். அந்தப் பக்கம் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ‘புலவர் ஐயாகிட்டப் பேசிட்டு ஞாயித்துக்கிழமை சொல்லுதாவளாம்’ என்றாள், திங்கட்கிழமை அச்சுக்குப் போகாவிட்டால் இந்தத் தையில் மெட்ராஸ் புத்தகக் கண்காட்சிக்கு வராது, அதற்கு வராவிட்டால் அப்புறம் யார் போடுவார்கள், அதையும் அவளேதான் சொன்னாள், சொல்லிவிட்டுத் தோசைக்குச் சட்னி கேட்டாள். நான் ராத்திரி ஜெபத்தில் உம்மிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் முழங்காலிலேயே இருந்தேன். அவள் மனசு இளகட்டும் என்று கேட்கவா. அப்படிக் கேட்டால், நான் அவளைக் கூப்பிடுகிற வார்த்தையை அவள் விட்டுக்கொடுக்கட்டும் என்று நானே கேட்கிறதாக ஆகிறது. அவர்கள் மனசு இளகட்டும் என்று கேட்கவா. அவ்வளவு படித்த பெரியவரைத் தோற்கவைத்துத் தாரும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவரும் பிழை வந்துவிடக் கூடாதே என்றுதானே கண்ணைக் கெடுத்துக்கொண்டு பார்த்தார். கடைசியில் ஒன்றும் கேட்காமல், உமக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன், அது ஜெபமா, ஜெபம் செய்யத் தெரியாதவள் கையை விரித்ததா, அதுவும் உமக்குத்தான் தெரியும்.

மூன்றாம் தடவை. இந்தத் தடவை நிற்க மாட்டேன் என்கிறது, எமிலி மைனி என் விலாவில் இடித்து, ‘ஏட்டி, உன் பை உதறுது, ஏதும் அவசரப் போனா இருந்தாலும் இருக்கும், போய் எடுத்துட்டு வா’ என்கிறாள், அவள் வாயிலிருந்து வந்த அந்த ஏட்டி என்னை எழுப்பிவிட்டது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து, பாய்களை மிதிக்காமல் பக்க வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன், வெயில் முகத்தில் அறைந்தது, பைக்குகள் நிறுத்தியிருக்கிற இடத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்று பச்சையைத் தள்ளினால் முதல் தரம் நழுவியது, கையெல்லாம் வேர்வை. ‘சுகிர்தா?’ ‘இல்லம்மா, நான் அவ அம்மா பேசுதேன். அவ கொயர்ல நிக்கா, கோயில் இன்னும் முடியல.’ ‘அடடா, ஞாயிற்றுக்கிழமை காலையில கூப்பிட்டுட்டனே, மன்னிச்சுக்கங்கம்மா. நீங்கதான் மெய்ப்புக்கு வாசிச்சுக் குடுத்தவங்களா?’ ஆமாம் என்றேன், ஏதோ தப்புக் கண்டுபிடித்துவிட்டார்கள், நான் எங்கோ ஒரு வரியைத் தாண்டிவிட்டேன் என்றுதான் ஓடியது. ‘அம்மா, நேத்து சாயங்காலம் புலவர் ஐயா வீட்டுக்கே போயிட்டேன். சுகிர்தா சொன்னதை அப்படியே சொன்னேன். கோவிப்பாருன்னு நெனச்சேன். அவர் முழுக் கதையையும் முதல்லேருந்து திரும்ப வாசிச்சார். வாசிச்சிட்டு, தாயி, நான் ஒவ்வொரு வரியாப் பாத்தேன், கதையாப் பாக்கல, என் செவப்பை எல்லாம் எடுத்துரு, ஒற்றை மட்டும் வச்சுக்கன்னுட்டார். எல்லாம் பழையபடியே இருக்கும்மா. ஏட்டி எல்லா எடத்துலயும் இருக்கு. நாளைக்கு அச்சுக்குப் போகுது.’ நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை, ஸ்தோத்திரம் என்று சொல்லியிருப்பேன், நன்றிம்மா என்று சொன்னேனா தெரியவில்லை, யாரோ ஒருத்தருடைய மோட்டார் பைக் சீட்டைப் பிடித்துக்கொண்டேன், சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை.

‘ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா,’ என்றார்கள், ‘அட்டையில பேரு சுகிர்தான்னு மட்டும் போடவா, அப்பா பேரையும் சேர்த்துப் போடவா? ரெண்டு விதமா எழுதிருக்கா. அட்டைக்காரர் மதியத்துக்குள்ள முடிச்சிருவார்.’ பக்க வாசல் வழியாக ஆண்கள் பக்கம் தெரிந்தது, தூண் ஓரத்தில் என் வீட்டுக்காரர், கோயில்பிள்ளை, தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்ணை மூடித் தியானிக்கிற மாதிரி நல்ல தூக்கம், எத்தனை வருசம் பஸ் ஓட்டின மனுசன், அந்தப் பேர் ஒரு புத்தகத்தின் மேலே அச்சில் வந்தால் தெருவெல்லாம் கையில் கொண்டு நடப்பார், நாக்கு நுனியில் வந்துவிட்டது, சேர்த்தே போட்டுருங்க என்று, சொல்லியிருந்தால் அவளும் என்னைக் கோபிக்க மாட்டாள். ஆனால் மூன்று எழுத்துக்காக அவ்வளவு நின்ற பிள்ளையின் பேரை நான் எப்படி முடிவு செய்வேன். ‘அவகிட்டயே கேட்டுச் சொல்லச் சொல்லுதேம்மா, கோயில் முடிஞ்சதும் பேசுவா’ என்றேன். ‘சரிங்கம்மா. உங்க குரலைக் கேட்டா அந்தக் கதையில வர்ற அம்மா மாதிரியே இருக்கு’ என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்கள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். தண்ணீர் சூடாகத்தான் வந்தது, ஆனாலும் நன்றாயிருந்தது, கழுத்துக்குப் பின்னால் இத்தனை நாளாக ஒரு கட்டு இருந்திருக்கிறது, அவிழ்ந்தபிறகுதான் இருந்தது என்று தெரிகிறது, காக்கை கத்துவது கேட்கிறது, மேட்டுத் தெருவில் யாரோ மீன் பொரிக்கிற வாசம் வருகிறது, பசிக்கிறது, காலையில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன். எமிலி மைனி சாய்ந்து, ‘யாருட்டி, நல்ல சேதியா?’ என்கிறாள், நல்ல சேதிதான் மைனி, பிறகு சொல்கிறேன் என்று கையைப் பிடித்து அமுக்கினேன், என் கை ஈரமாயிருப்பதைப் பார்த்து அவள் தன் கைக்குட்டையைத் தந்தாள். முதலில் தெரியவேண்டியவள் அங்கே இருக்கிறாள். பை இப்போது சும்மா இருக்கிறது, துடிப்பில்லை, ஆனால் எனக்கு உட்கார முடியவில்லை, சிரிப்பு வேறு வந்து வந்து போகிறது, சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன், பார்க்கிறவர்கள் பிரசங்கத்தில் உருகி அழுகிறேன் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். போதகர் ஐயா இன்னும் பொறுமையிலேயே நிற்கிறார், நல்லதைத்தான் சொல்கிறார், அவரை அவசரப்படுத்தும் என்று நான் கேட்க மாட்டேன். அவள் மட்டும் அந்தப் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, நேற்றுப் பேசின பேச்சுக்கு இன்று என்ன பதில் வரப்போகிறதோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், இங்கேயிருந்தே எனக்குத் தெரிகிறது, வேண்டாம் என்றுதான் வரும் என்று முடிவே பண்ணிவிட்ட முகம் அது. நான் ஒன்றும் பேச வேண்டாம், என் முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் புரிந்துவிடும். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை ஆண்டவரே, பெரிதைத்தான் தந்துவிட்டீரே. அவளை ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வையும்.